உள்ளே விட்டிருந்த துணி

காவிரிப் பாலத்தில் பாதி தூரம் நடந்த பிறகுதான் பையைத் திறந்து அந்த ஜாக்கெட்டைப் பார்த்தேன். சற்று முன்பு ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி வீட்டு வாசலில் அதை உதறிக் காட்டி வாதாடியவன், அது எப்படித் தைக்கப்பட்டது என்று ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை.

தைத்தது என் மனைவி. கை இறுக்கமாக இருக்கிறது என்று மாமி திருப்பி அனுப்பியிருந்தார். "அளவு ஜாக்கெட் கொடுத்தது அவங்க, குத்தம் எம்மேல" என்று அவள் சோறு போடும்போது புலம்பினாள். அவ்வளவுதான். மறுநாள் அவளிடம் சொல்லாமல் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு நான் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

எனக்கு அப்போது வேலை இல்லை. ஏழாவதோடு படிப்பை விட்டு, வையம்பட்டியில் போர்வெல் லாரி, கேரளாவில் பேக்கரி என்று எங்கும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. சும்மா இருந்தவனுக்கு அவளுடைய கவலைகள்தான் வேலை. தண்ணீர் மோட்டாரைப் பற்றி ஒருமுறை முணுமுணுத்தாள். நான் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் மோட்டாரையே போடவில்லை; ஒரு மாதம் வாளியில் தண்ணீர் சுமந்தோம்.

ஸ்ரீரங்கத்தில் நான் வாதாடியபோது மாமி சத்தம் போடவில்லை. "பொண்ணு கல்யாணத்துக்குக் கொடுத்த துணி எதையும் வெட்ட வேண்டாம். திருப்பிக் கொடுத்துடச் சொல்லுங்கோ" என்றார். அந்த மாதம் நாங்கள் சாப்பிடுவது அந்தத் துணிகளை நம்பித்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"உங்ககிட்ட சொன்னேன். போகச் சொன்னேனா?"

"நீ வருத்தப்பட்டியே."

"வருத்தப்பட்டா காது கொடுத்துக் கேக்கக் கூடாதா? மூணு வருஷமா அந்த மாமி ஏதாவது சொல்வாங்க. நான் இங்க வந்து திட்டுவேன். அப்புறம் பிரிச்சுக் கொடுப்பேன்."

ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினாள். கையில் மூன்று தையல்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. அவற்றுக்கும் அப்பால் ஒரு விரல் அகலத்துக்குத் துணி. முதல் தையலை மட்டும் பிளேடால் பிரித்தாள்; கை தளர்ந்துவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"எல்லாத்துலயும் இப்படி விடுவியா?"

"பின்ன? யாரு உடம்பு அப்படியே இருக்கு?"

ஆறு வருடமாக அந்த மெஷினுக்குப் பக்கத்தில் படுக்கிறேன். இதைக் கேட்டதில்லை. வேறு என்னென்ன கேட்காமல் விட்டிருப்பேன்?

"அந்த மோட்டாருக்கு என்ன பண்றதா இருந்த?"

"வீட்டுக்காரம்மாவுக்கு ஜாக்கெட் தைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

காலையில் பையை எடுத்துக்கொண்டு அவள் ஸ்ரீரங்கம் கிளம்பினாள். நான் வாய் திறப்பதற்குள், "நீங்க வர வேணாம்" என்றாள். நான் மன்னார்புரம் போய், தண்ணீர் கேன் போடும் கடையில் ஆள் வேண்டுமா என்று கேட்டேன். உடனே சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டாவது வீட்டு வாசலில் போன் வந்தது.

"வெட்டச் சொல்லிட்டாங்க. ஆனா அளவுக்கு அதே பழைய ஜாக்கெட்டத்தான் கொடுத்திருக்காங்க. நான் என்னங்க பண்றது?"

வேறு அளவு கேட்டு வாங்கு என்று சொல்ல நாக்கு துடித்தது.

"என்ன பண்ணலாம்னு இருக்க?" என்றேன்.

"பாப்போம். வந்து சொல்றேன்."

அடுத்த கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் படியேறினேன்.