சாக்கடலில் அவர் நித்திரை கொண்டது

மொன்றியலுக்கு வந்த மூன்றாம் வருஷம், துறைமுகப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி இறக்கும்போது என் வீட்டுக்காரர் விழுந்து முதுகை உடைத்துக்கொண்டார். எலும்பு பொருந்திவிட்டது என்று டொக்டர் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை. இரண்டு வருஷமாக, முன் அறையில் கிடக்கும் மெத்தை வைத்த செற்றிக் கதிரையில் சாய்ந்து இருந்தபடிதான் கண்ணை மூடுவார். அதுவும் அரை மணித்தியாலம்.

அந்த நேரம்தான் எங்கள் கோயில் தமிழ்ச் சனம் புனித பூமிக்கு யாத்திரை போகும் கதை வந்தது. மகள் எங்கள் இரண்டு பேரின் பெயரையும் கொடுத்துவிட்டாள். பாஸ்போர்ட் இல்லை, அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு நேர்த்தியோடு வந்தார்கள். சாக்கடலில் கட்டிலில் கிடப்பதுபோல மிதக்கலாம் என்று ஃபாதர் சொன்னதை நம்பி வந்தவர் இவர் ஒருவர்தான். பெத்லகேமில் செபம் நடக்கும்போதுகூட, கடலுக்கு எப்போது போவோம் என்று என் காதுக்குள் கேட்டார்.

ஐந்தாம் நாள் போனோம். புல் பூண்டு இல்லாத மலைகளுக்கு நடுவே பஸ் இறங்கி இறங்கிப் போனது, காது அடைத்தது. கரையில் மணலைவிட உப்புக் கட்டிதான் கூட. தண்ணீரைத் தொட்டால் எண்ணெய் மாதிரி வழுவழு என்றிருந்தது. நான் பெண்களோடு குடைக்குக் கீழே இருந்துவிட்டேன். ஆண்கள் நிற்கிற தண்ணீரில் நான் ஒருநாளும் இறங்கியதில்லை.

இவர் முழங்கால் தண்ணீரில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். மற்ற ஆண்கள் கூப்பிட்டும் அசையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீர் வந்து தலையைப் பிடியும். இல்லாட்டி நான் படுக்கேல்லை."

வீட்டில் போடுகிற தொளதொள கவுன், அந்தச் சோட்டியோடுதான் இறங்கினேன். இடுப்பளவு போனதும் சோட்டிக்குள் காற்றுப் புகுந்து, என்னைச் சுற்றிப் பொங்கி மேலே வந்துவிட்டது. ஒரு கையால் அமத்த மற்றப் பக்கம் எழும்பும்.

"என்னக்கா, குடை பிடிச்சுக்கொண்டோ குளிக்கிறியள்?" என்றாள் ஒரு திருகோணமலைப் பிள்ளை. பிறகு அவளே ஓடிவந்து, தன் சேலையில் குத்தியிருந்த ஊசிகளைக் கழற்றி, என் சோட்டி விளிம்பை முழங்காலுக்கு நடுவில் சேர்த்துக் குத்திவிட்டாள். எனக்கு வெட்கத்தில் முகம் சுருங்கிப் போனது.

அவர் என் கையில் தலையை வைத்துப் பின்னால் சாய்ந்தார். பயத்தில் என் தோளை நகம் பதியப் பிடித்தார். கால் இரண்டும் தானாக மேலே வந்தன. ஆள் பலகை மாதிரி நேராகக் கிடந்தார்.

"நோகேல்லை," என்றார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். செபம் சொல்கிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வெங்காயம் வெட்டும்போது விரலில் பட்ட கீறல் உப்பில் எரிந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை. மொன்றியலுக்குத் திரும்பிய பிறகும் கடைசிவரை அவருக்குச் செற்றிதான். முதுகு உடைந்த பிறகு அவர் கால் நீட்டி நித்திரை கொண்டதை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

சாரதி ஹோர்ன் அடித்தான். எல்லோரும் உடம்பு கழுவி, உடுப்பு மாற்றி, பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அவரைத் தட்டி எழுப்பச் சொல்லி ஃபாதர் கரையில் நின்று கை காட்டினார். கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் இருந்துவிட்டு, ஒருவரோடும் கதைக்காமல் வீட்டுக்குப் போகிறவள் நான்.

"ஃபாதர், இவர் நித்திரை. நான் எழுப்பமாட்டன். நீங்கள் வேணுமெண்டால் போங்கோ, நாங்கள் பேந்து வாறம்."

என்னத்தில் வருவோம் என்று நான் யோசிக்கவில்லை. ஃபாதர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு உப்புக் கட்டி ஒன்றின்மேல் இருந்து சப்பாத்தைக் கழற்றினார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து நிழலில் நின்று வாழைப்பழம் சாப்பிட்டார்கள்.

முக்கால் மணித்தியாலம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார்.

"எல்லாரும் எங்களைப் பாத்துக்கொண்டோ நிக்கினம்?"

"ஓம்."

"உமக்கு வெக்கமா இல்லையோ?"

"இருக்கு," என்றேன். "நீங்கள் இன்னும் கொஞ்சம் கிடவுங்கோ."