கௌபிக்கு அடியில் ஈரம்

இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு இறங்கும் பஸ் பாதி வழியில் ஆவி கக்கி நிற்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. மழை பொய்த்துப் பக்கத்து ஓடையும் காய்ந்து கிடக்கிறது. ஆறு மணிக்கு ஊரடங்கு. டிரைவரைத் திட்டித் திட்டி நாங்களும் ஓய்ந்துவிட்டோம்.

தூரத்து ஊற்றுப் பீலியில் குடத்தில் பிடித்த தண்ணீரைத் தன் தேயிலைக் கன்றுகளுக்குச் சுமந்து வருகிறார் ஒரு பெண். பக்கத்து நிலத்தில் வெறும் மண்ணில் நிற்கும் கன்றுகள் கருகிவிட்டன. இவருடைய கன்றுகளுக்கு நடுவே மண்ணே தெரியாமல் கௌபிப் பயறு அடர்ந்திருக்கிறது. கன்றுகள் கரும்பச்சையாக நிற்கின்றன.

எங்கள் நிலையைப் பார்த்துக் குடத்தை இறக்கி வைக்கிறார். "பஸ்ஸுக்கு ஊத்துங்க."

"அப்ப கன்னுங்களுக்கு, அக்கா?" என்கிறேன்.

கௌபி இலைகளை விலக்குகிறார். "விரல விட்டுப் பாருங்க தம்பி. இது மூடிக்கிட்டு இருக்கிறதால ஈரம் இன்னும் காயல. கன்னு இன்னைக்குத் தாங்கும். நீங்க நேரத்தோட வீடு போய்ச் சேருங்க."

விரல் நுனி குளிர்கிறது.

கண்டக்டர் குடத்தைக் கவிழ்த்து ஊற்றுகிறார். பஸ் கிளம்புகிறது. ஜன்னல்களிலிருந்து எல்லாக் கைகளும் அந்த அக்காவை நோக்கி அசைகின்றன. என் விரலில் அந்த மண் ஒட்டியிருக்கிறது. மாத்தளை வந்த பிறகும் அதைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.