கடிதத்தின் பின்பக்கம்

2004இல் அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரை அச்சிட்டவர், எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். மெலிந்த ஆள். மொன்றியலில் ஒரு நிலக்கீழ் அறையில் கடை.

வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை அம்மா நான் வாசிப்பதற்காக என் மேசையில் வைப்பார். வாரக்கணக்கில் கிடந்தால் தேவையில்லாதவை என்று எடுத்து, வெற்றுப் பக்கத்தில் படம் கீறுவார். மெட்ரோவில் தூங்குகிறவர்கள், பனிச்சப்பாத்துகள், என் முகம். நல்ல படங்கள். மலரில் வழக்கமாகப் போடும் தேவாரம் வேண்டாம், முழுக்க இவைதான் வரவேண்டும் என்று அச்சடிப்பவரோடு சண்டை பிடித்தேன்.

அவர் என் முகம் கீறியிருந்த தாளைத் திருப்பி, மெதுவாக வாசித்தார்.

"தம்பி, இது ஆஸ்பத்திரிக் கடிதம். மார்பில கட்டி இருக்கு, உடனை வரச் சொல்லியிருக்கு. போன வருசத்துக் கடிதம்."

அம்மாவைக் கொண்டுபோனது அந்தக் கட்டிதான்.

"நான் படத்தைத்தான் தந்தனான். உங்கடை வேலையைப் பாருங்கோ, அண்ணை."

"ஓம்" என்றார். கோபிக்கவில்லை. "அப்ப இதைப் போடவோ, விடவோ?"

அட்டையிலேயே போடச் சொன்னேன். முப்பத்தோராம் நாளுக்கு வந்தவர்கள் எல்லோரும் அழகு என்றார்கள். அவர் கடைசிப் பந்தியில் இருந்து சாப்பிட்டார். கடிதத்தைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. என்னிடமும் திறக்காமல் இருந்திருக்கலாம்.