பென்சில் போடாத இடம்

"பேசுறவர் அழுதா நீ அழக் கூடாது. ஆனா உன் குரல்..." என்று ஏதோ சொல்வார் எங்கள் பெரியப்பா. கிறிஸ்தவக் கன்வென்ஷன் கூட்டங்களின் மேடைகளில் வெளிநாட்டுப் பிரசங்கியார்களுக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னவர். குரல் என்ன செய்ய வேண்டும் என்ற பின்பாதி எனக்கு மறந்துவிட்டது. அது தெரியாமலேயே நானும் மொழிபெயர்க்க வந்துவிட்டேன்.

அடுத்தவர் சொன்னதற்கு நாம் பொறுப்பேற்று நிற்பதுதான் இந்தத் தொழில். பெங்களூரில் இருபது வருடம் ஆபீசில் இருந்துவிட்டு ஆரணிக்குத் திரும்பியவன், ஒரு கிறிஸ்தவப் பதிப்பகத்துக்காக ஆங்கில நாவல்களைத் தமிழாக்குகிறேன். இதே நுகத்தைச் சுமக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. இந்த முறை வந்தது, வாய்ப்பில்லாமல் தவிக்கும் ஒரு மேடை நடிகையின் கதை. இருபத்து மூன்று அத்தியாயங்களில் அவளுக்கு விசுவாசம் கிடைக்கிறது, ஒரு நல்ல மனிதனும் கிடைக்கிறான்.

நெற்றி

நான்காம் அத்தியாயத்தில் ரொட்டிக் கடைக்காரன் அவளை முத்தமிடுகிறான். மழை, குடை, உதடு எல்லாம் இருந்தன. இருந்தபடியே எழுதி அனுப்பினேன். பதிப்பக ஆசிரியர் போனில் வந்தார். கோபப்படத் தெரியாத மனிதர்.

"பிரதர், இது வாலிபப் பிள்ளைங்களுக்குப் பரிசாக் கொடுக்கிற புத்தகம். இங்க நெத்தியில வைங்க. கடைசியில கல்யாணம் ஆயிடுதுல்ல, அப்ப கன்னத்துக்கு வாங்க."

காலி நாற்காலிகள்

ஒன்பதாம் அத்தியாயத்தில் அவள் காலி அரங்கில் நடிக்க வேண்டியிருக்கிறது. அப்போது மேடையில் நிற்கிறவர் மனதில் என்ன ஓடும் என்பது எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் சபையில் கடைசி பெஞ்சில் வந்து உட்காரும் வசந்தாவின் நினைவு வந்தது. சேத்துப்பட்டுப் பக்கம் திருவிழா நாடகம் போடும் ஒரு செட்டில் பதினெட்டு வருடம் ராணி வேஷம் கட்டியவர். திருவிழாக்களில் இப்போது ஆர்கெஸ்ட்ரா வைக்கிறார்கள். வருடத்துக்கு ஏழெட்டு நாடகம் கிடைத்தாலே பெரிது. பட்டுக்குச் சாயம் போடும் தேவராஜைக் கட்டிக்கொள்ளப்போகிறார். தேவராஜின் அம்மா, சபைக் கோயிலில் நடக்காத கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், வசந்தாவுக்கு முதலில் ஞானஸ்நானம் ஆக வேண்டும்.

வீட்டுக்கு வரச்சொல்லி, பார்க்க ஆளே இல்லாவிட்டால் எப்படி நடிப்பீர்கள் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

"ஆளு எழுந்து போயிட்டா இன்னா சார்? மேடையைச் சாமிக்கு எதிர்லதான போடுவாங்க. அது பார்த்துகினுதான இருக்கும்."

தேவரீர்

கதாநாயகியின் முதல் ஜெபத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "தேவரீர் அடியாளின் விண்ணப்பத்துக்குச் செவிசாய்த்தருளும்" என்று போட்டிருந்தேன். நம் ஜெபத் தமிழ் அப்படித்தானே.

தாளை வாங்கி, ஒரே மூச்சில் அவர் அதைச் சொன்னார். சமையலறையிலிருந்து என் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். நான் எழுதிய வரி என்றே எனக்குத் தோன்றவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

"இது ராணி ராஜாகிட்ட பேசுற தமிழு சார். எனக்கு நல்லா வரும். வந்ததுதான் தப்பாப் போச்சு."

புதன்கிழமை

என்ன தப்பு என்று மனைவிதான் பிறகு சொன்னாள். புதன்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் வசந்தாவை ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கண்ணை மூடி ஆரம்பித்தவுடன் குரல் ஓட்டுக் கூரைவரை போயிருக்கிறது. கண்ணீரும் வந்திருக்கிறது. ஆமென் சொன்னபோது மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

ஞானஸ்நானத்துக்கு முன், தான் விசுவாசத்துக்கு வந்த கதையைச் சபையார் நடுவில் சாட்சியாகச் சொல்ல வேண்டும். மனம் திரும்பியது உண்மைதானா என்று கமிட்டி முடிவு செய்யும். கமிட்டியில் முக்கியமானவர், ரிட்டயர்டான எஸ்தர் டீச்சர். அவர்தான் அன்று வசந்தாவின் தோளைத் தட்டிக் கேட்டாராம்.

"நல்லாத்தாம்மா இருந்துச்சு. அடுத்த சீன் எப்போ?"

திக்கும் இடங்கள்

அடுத்த வாரம் வசந்தா தானாக வந்தார். சாட்சியை நான் எழுதித் தர வேண்டுமாம். அவர் அதைப் பார்த்துப் படிப்பாராம், திக்கித் திக்கி.

"பதினெட்டு வருஷம் வசனம் பேசினவங்க எதுக்குத் திக்கணும்?"

"அதுக்குத்தான் சார். சரளமா வந்தா நடிப்புன்னுவாங்க. நீங்க சப்புன்னு எழுதிக் கொடுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அப்பா விட்டுப்போனது, மூட்டு வீங்கி ஆடமுடியாமல் கிடந்த மழைக்காலம், தேவராஜ் பைபிளிலிருந்து படித்துக்காட்டிய சங்கீதம். அவர் சொன்னதில் இருந்த உயிரையெல்லாம் எடுத்துவிட்டு, பள்ளிக்கூட விடுமுறைக் கடிதம் போல ஆக்கினேன். இதைவிட மோசமாக நான் எதையும் எழுதியதில்லை. இவ்வளவு கவனமாகவும் எழுதியதில்லை. அவர் பென்சில் கேட்டு வாங்கி, திக்க வேண்டிய இடங்களில் சின்னச் சின்னக் கோடு போட்டுக்கொண்டார். மொத்தம் ஆறு. இது சரியா என்று கேட்டேன்.

"எல்லாம் நெஜந்தான் சார். நெஜம்னு தெரியணும்ல."

ஞாயிறு

தேவராஜ் முன்வரிசையில், ஊதாச் சாயம் போகாத கைகளை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வசந்தா தலையில் முக்காட்டோடு நின்று, தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் படித்தார். முதல் கோட்டில் திக்கினார். இரண்டாவதில் வரியைத் தவறவிட்டு, "மன்னிச்சிருங்க" என்றார். நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நான் கேட்பாரில்லாமல் கிடந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்" என்ற வரியில் நின்றுவிட்டார். அங்கே கோடு இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு மீதியைப் படித்து முடித்தார். கமிட்டி அன்றே சம்மதித்தது. எஸ்தர் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னைக்குத்தான் இந்தப் பொண்ணு நடிக்காமப் பேசுச்சு" என்றார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அந்த இடத்தைப் பற்றி வசந்தாவிடம் கேட்டேன். தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அங்க பென்சில் போட மறந்துட்டேன் சார்."

தேவராஜ்

ஞானஸ்நானமும் ஆயிற்று, கல்யாணமும் ஆயிற்று. புதன்கிழமைகளில் வசந்தா இப்போது இரண்டே வரியில், தரையைப் பார்த்து ஜெபிக்கிறாராம். முன்னேற்றம் என்று டீச்சர் சொல்கிறாராம். போன மாதம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தேவராஜைப் பார்த்தேன். வசந்தா வீட்டில் எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு, டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"வீட்லயும் மெதுவாத்தான் பேசுது சார். வந்தவாசித் திருவிழாவுல தெருக்கோடியில நின்னுகினு அந்தக் குரலைக் கேட்டுதான் நான் பின்னாடி போனேன்."

நாவலின் கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி தேவாலயத்தில் எழுந்து நின்று, கையில் தாளில்லாமல், கண்ணீர் வழியச் சாட்சி சொல்கிறாள். ஒரே பக்கத்தில் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். எப்போது முடியும் பிரதர் என்று ஆசிரியர் இரண்டு முறை கேட்டுவிட்டார். இருபத்திரண்டு அத்தியாயங்களை மட்டும் அனுப்பிவிட்டு, கடைசியை வேறு யாரிடமாவது கொடுக்கும்படியும் புத்தகத்தில் என் பெயரைப் போட வேண்டாம் என்றும் எழுதினேன்.