தீமோவின் எடை

கதவைப் பூட்டிக்கொண்டு தெருமுனைக் குழாயடி வரை போவார். எதையோ மறந்துவிட்டவர்போல் திரும்பி வந்து பூட்டைத் திறப்பார். செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து கீச்சுக்குரல் கேட்கும்: "அப்பா வந்தாச்சு!" உடனே கூண்டுக்குள் இரண்டு சூரியகாந்தி விதை விழும். அதன் பிறகுதான் தாவீதுராஜ் கடைக்குப் புறப்படுவார்.

திருச்சுழி பஜாரில் அவருக்கு விதைக்கடை, வீடு பின்தெருவில். பருத்தி விதை வாங்க வரும் பரளச்சி விவசாயி உக்கிரபாண்டி காத்திருந்து காத்திருந்து சலித்துப்போவார்.

"என்ன அண்ணாச்சி, கடையில அஞ்சு நிமிசம் நிக்க மாட்டேங்கிறீக?"

"வீட்ல ஆளு காத்துக்கிட்டு இருக்கும்லய்யா."

அந்த ஆள், தீமோ என்கிற காக்கட்டீல் கிளி. மஞ்சள் கொண்டை, கன்னத்தில் செம்பொட்டு. தாயில்லாமல் வளர்ந்த மகள் ஈவா ஆசையாக வளர்த்தது. அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் சொல்லும் வார்த்தையை அது அப்படியே பிடித்துக்கொண்டது. மூன்று வருஷத்துக்கு முன் ஈவா தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள். கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. அவளும் அதற்கப்புறம் போன் செய்யவில்லை. அவள் குரல் மட்டும் இந்த வீட்டில் தங்கிவிட்டது.

போன மாசியில் தீமோ கூண்டுக் கம்பிலிருந்து தவறி விழுந்தது. மறுபடி ஏற முடியாமல் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கியது. அட்டைப்பெட்டியில் வைத்து அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினார். மருத்துவர் சண்முகவடிவு அதைத் தராசில் நிறுத்தார். நூற்றிருபத்தெட்டு கிராம்.

"தொண்ணூறு, மிஞ்சினா நூறுதான் சார் இருக்கணும். நெஞ்செலும்பு கைக்கே தட்டுப்படல, அவ்வளவு கொழுப்பு. சூரியகாந்தி விதை எவ்வளவு குடுப்பீங்க?"

"வீட்டுக்குள்ள வாரப்பல்லாம் ரெண்டு."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ வருவீங்க?"

தாவீதுராஜ் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "இருவது தடவ இருக்கும்மா."

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "ஈரல் கெட்டுப்போயிரும் சார். ஒருநா பொசுக்குன்னு போயிரும். கொஞ்சங்கொஞ்சமா நிறுத்திருங்க."

பத்துப் பதினைந்து நாளில் விதை நின்றது. கடையில் மூட்டை மூட்டையாக இருப்பதெல்லாம் மருந்து தடவிய விதைகள், பறவைக்கு ஆகாது. உக்கிரபாண்டியிடம் சொல்லித் தினைக்கதிர் வரவழைத்தார். முருங்கைக்கீரை கட்டிவிட்டார், காரட் துருவி வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்ட தீமோ மெல்ல மெல்லக் கொத்தப் பழகியது. ஆனால் விதையோடு பேச்சும் நின்றுபோனது.

அவர் குழாயடி வரை போய்த் திரும்பி வந்து பார்த்தார். செருப்பைப் படியில் தேய்த்துச் சத்தம் உண்டாக்கினார். தீமோ தலையைச் சாய்த்துப் பார்த்ததே தவிர வாய் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் பொறுக்க மாட்டாமல் டப்பாவிலிருந்து இரண்டு விதையை எடுத்துக்கொண்டு கூண்டருகே போனார். அது கொண்டையை விரித்து ஓடி வந்தது.

"வேணாம்லே. நீ இரு" என்றவர், விதைகளைத் தன் வாயில் போட்டுத் தோலோடு மென்று விழுங்கினார்.

தினமும் ஒரு மணி நேரம் வெளியே பறக்க விடவும் மருத்துவர் சொல்லியிருந்தார். கடையடைத்துச் சாப்பிட வரும் வேளையில் ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கூண்டைத் திறந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். முதல் வாரம் முழுக்கத் தீமோ தரையிலேயே நடந்தது. பிறகு திரைச்சீலையைக் கவ்விப் பாதி தூரம் ஏறியது. சித்திரை முடியும்போது நூற்றுநான்கு கிராம். வீட்டில் சிறகு உதறும் ஓசையைத் தவிர வேறு சத்தம் இல்லை.

நேற்று அது திரைச்சீலை வழியாகப் பீரோ உச்சிக்கு ஏறிவிட்டது. அங்கிருந்து சிறகை விரித்து, அறையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அவருடைய வழுக்கைத் தலையில் வந்து இறங்கியது. சின்ன நகங்கள் பதிந்தன. புழுக்கத்தில் வேர்வை நெற்றி வழியே ஓடிக் கண்ணுக்குள் புகுந்து எரிந்தது. துடைக்கத் தூக்கிய கையைத் தாவீதுராஜ் மெதுவாகத் தாழ்த்தி, முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.