மாமா படித்த ஊமைப்படம்

எங்கள் மாமா, அதாவது அப்பாவின் தங்கை புருஷன், ஆசைப்பட்டு வாங்கிய ஒரே சினிமா சிடி ஊமைப்படம். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சிடி விற்றவனிடம், “புருசன் பொண்டாட்டி பிரிஞ்சி ஒண்ணு சேர்ற படம் குடுப்பா” என்று கேட்டிருக்கிறார். அவனும் கேட்டதைத்தான் கொடுத்தான். பேசுகிற படமா என்று யாராவது கேட்டு வாங்குவார்களா, சொல்லுங்கள்!

அப்போது அத்தை கோபித்துக்கொண்டு நசரத்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து இருபது நாளாகியிருந்தது. மாமாவுக்குத் திருமழிசையில் கம்பெனி வேலை. அத்தை கட்டிக்கொடுத்த சோறு ஒரு வாரமாக டப்பாவில் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. பேக்கிங்கில் இருக்கும் ஒருத்தி அவருக்கும் சேர்த்துச் சமைத்து எடுத்துவருகிறாள் என்று தெரிந்த அன்றே அத்தை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சோறு மிஞ்சியதற்கா இவ்வளவு ரகளை என்று நாலாம் வகுப்பு படித்த எனக்கு ஒரே ஆச்சரியம். அடுத்த ஞாயிறு பெரியவர்களைக் கூட்டி உறவையே அத்துவிட்டுவிடலாம் என்று அப்பா முடிவே கட்டியிருந்தார்.

அதற்கு முந்தின ஞாயிறு மத்தியானம் மாமா சிடியோடு வந்து நின்றார். படம் ஓடியது, சத்தம் வரவில்லை. அப்பா டிவியின் மண்டையில் நாலு தட்டு தட்டினார். திரையில் எங்கள் தெருவே குடியிருக்கலாம் போல ஒரு குளியலறை. இறகு வைத்த அங்கி, முத்துமாலை, பட்டு மெத்தை! அத்தனையும் இருக்கிற புருஷன் எதற்கு இன்னொருத்தி வீட்டில் போய்ப் பல்லிளிக்கிறான்? எனக்கு மண்டை குடைந்தது.

நடுநடுவே ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. மாமா எழுத்துக்கூட்டிப் பார்த்துத் தமிழில் சொன்னார். “‘எம் பொண்டாட்டி கைப்பக்குவம் எவளுக்கும் வராது’ன்னு போட்டுக்கீது.”

இங்கிலீஷ் மீடியம் திமிர் சும்மா இருக்குமா? “பொய்யி! பொண்டாட்டி அலுத்துப்போச்சுன்னுதான் போட்டிருக்கு!” என்று கத்தினேன்.

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது. மாமாவின் முகம் செத்துப்போயிற்று. எழுந்து செருப்பைத் தேடினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இருபது நாளாக அவரிடம் ஒரு வார்த்தை பேசாத அத்தை, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “சின்னப் பொண்ணு, அவ கெடக்கிறா. அடுத்து இன்னா போட்டுக்கீது? நீ படி.”

மாமா வாசலிலேயே நின்று திரையைப் பார்த்தார். “‘தப்பு எம்மேலதான். இனிமே அந்தச் சோத்தத் தொடமாட்டேன்’னு போட்டுக்கீது” என்றார்.

திரையில் ஒரு எழுத்துகூட இல்லை. கார் ஒன்று போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தேன். அத்தை சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

சாயங்காலமே அத்தை மாமாவோடு பஸ் ஏறினாள். எனக்குத்தான் கவலை தீரவில்லை. அந்த இருபது நாளும் எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததே அத்தைதான். தப்பாகப் படித்தால் தலையில் குட்டுவாள். அவளுக்கா திரையில் இருந்தது தெரியவில்லை? பஸ் மறைந்ததும் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அத்தைக்குக் கண் ரொம்பக் கெட்டுவிட்டது, சீக்கிரம் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்றேன்.