பலெர்மோவில் என்னைத் தூக்கி எறிந்தவர்

யூரோ வந்த புதிது. இத்தாலியின் பலெர்மோ நகர மீன்சந்தை வீதியோரத்தில் அவர் எட்டுக்கால் பேய்க்கணவாய் ஒன்றைக் கல்லில் அடித்துக்கொண்டு நின்றார். அடித்தால்தான் சதை மெதுவாகுமாம். நசுங்கிய மூக்கு, ரப்பர் ஏப்ரன். ஒவ்வோர் அடிக்கும் அதை யாழ்ப்பாணத் தமிழில் திட்டினார்.

ஒஸ்லோவிலிருந்து ஊர் பார்க்கப் போயிருந்த நான், ‘அட, எங்கடை ஆள்!’ என்று எதிர்ப்பக்கமிருந்து பாதசாரிக் கடவையில் இறங்கினேன். ஒஸ்லோவில் கடவையில் கால் வைத்தால் பஸ்ஸே நிற்கும். இரு பக்கமும் பார்க்கிற பழக்கம் எனக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது.

அவர் பாய்ந்து வந்து, என் கொலரைப் பிடித்து மீன்பெட்டிகளின் மேல் எறிந்தார். வழிப்பறி என்றே நினைத்தேன். கண்ணை மூடி, பணப்பையை நீட்டி, "எல்லாத்தையும் எடு, அடிக்காதை!" என்று நோர்வேஜிய மொழியில் கத்தினேன். நான் நின்ற இடத்தால் ஸ்கூட்டர் ஒன்று சீறிப்போய்த் தூணில் மோதியது.

"உமக்கென்ன விசரே? நோர்வேயோ?"

"ஓம்... எப்பிடித் தெரியும்?"

"றோட்டிலை வெள்ளைக்கோட்டைக் கண்டவுடனை கோயில் வீதி சுத்திறமாதிரி இறங்கிறது நீங்கள்தான்."

பிறகு ஸ்கூட்டர்காரனை ஓங்கி அறைந்தார். அவன் திருப்பி அறைந்தான். இருவரும் சட்டை கிழியக் கட்டிப் புரண்டார்கள். நான் வீரத்தோடு ஒரு வாள்மீன் தலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

எட்டிப் பார்த்தபோது, இருவரும் ஒரே துணியில் இரத்தத்தைத் துடைத்துவிட்டு, அவித்த கணவாயில் எலுமிச்சை பிழிந்து ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாரும், ஆறமுன்னம் சாப்பிடும்," என்று ஒரு துண்டை நீட்டினார். பஞ்சாக இருந்தது.

ஒஸ்லோவில், ட்வெய்ட்டாவில், என் மேல்வீட்டுக்காரரும் நானும் இத்தனை வருடத்தில் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. ஒன்றாகச் சாப்பிட்டதுமில்லை.